கௌலிகா: 16 லீக்குகள் 31 ஆன கதை

ஷால்கே 04 ஏழு முறை ஜெர்மன் கால்பந்து சாம்பியன். ராவுல் தன் கடைசிக் காலத்தில் இரண்டு சீசன் ஆடிய கிளப், மானுவேல் நொயர் வளர்ந்த கிளப் என்பதால் இங்கேயும் பலருக்குத் தெரிந்த பெயர்தான். அந்த ஏழு பட்டங்களும் வந்த வருடங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1934, 1935, 1937, 1939, 1940, 1942, 1958. கடைசி ஒன்றை விட்டால் மிச்சம் ஆறும் ஹிட்லர் காலத்தவை. அதிலும் இரண்டு, உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே வென்றவை.

பழைய புள்ளிப் பட்டியல்களை உட்கார்ந்து படிப்பது எனக்குப் பிடித்த வேலை. வீட்டில் யாருக்கும் இது புரிவதில்லை. அப்படிப் படிக்கும்போது முதலில் உறுத்துவது, 1939-40 என்று ஒரு சீசன் இருப்பதே. இங்கிலாந்து 1939 செப்டம்பரில் லீக்கை நிறுத்திவிட்டு, போர் முடியும்வரை வட்டாரப் போட்டிகளை வைத்து ஒப்பேற்றியது. அந்த வருடங்களுக்கு அங்கே அதிகாரபூர்வ சாம்பியன் கிடையாது. ஜெர்மனியோ கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியது. 1944 ஜூன் வரை ஒரு வருடம்கூடத் தவறாமல் சாம்பியனைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கால முதல் தர வட்டார லீக்குகளுக்குக் கௌலிகா என்று பெயர். 1933இல் அவை 16. 1943-44இல் 31.

இந்த எண்ணிக்கை ஏன் கூடியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நாடு பெருத்ததால் பாதி. நாடு நொடித்ததால் மீதி.

முதலில் 1933. அதுவரை ஜெர்மன் கால்பந்து ஏழு வட்டாரச் சங்கங்களின் கையில் இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் சிறுசிறு லீக்குகள். முதல் தர அணி என்று சொல்லிக்கொண்ட கிளப்புகள் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தன. காசு வாங்கி ஆடக்கூடாது என்பது சங்கத்தின் சட்டம். காசு வாங்காமல் நல்ல ஆட்டக்காரன் எவனும் ஆடவில்லை என்பது ஊரறிந்த ரகசியம். 1930இல் ஷால்கே மாட்டிக்கொண்டது. படிக்காசு வரம்பை மீறிக் கொடுத்ததாகச் சொல்லி, 14 ஆட்டக்காரர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று அறிவித்துத் தடை போட்டார்கள். கிளப்பின் பொருளாளர் வில்லி நீயர் கால்வாயில் குதித்து உயிரை விட்டார். மறு வருடம் ஜூன் 1 அன்று தடை நீங்கி அணி முதல் மேட்ச் ஆடியபோது, வெறும் நட்புப் போட்டிக்கு 70,000 பேர் திரண்டார்கள் என்கிறது கிளப் வரலாறு. நிலக்கரிச் சுரங்க ஊர் கெல்சன்கிர்ஷன். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தினராகத்தான் இருந்திருப்பார்கள்.

இந்த மாதிரிப் போலித்தனத்துக்கு முடிவு கட்டி, நாடு முழுவதற்கும் ஒரே தொழில்முறை லீக் கொண்டுவரலாம் என்ற பேச்சு 1932இல் பலமாகவே எழுந்தது. கால்பந்துச் சங்கத் தலைவர் ஃபீலிக்ஸ் லின்னமன்கூட அதற்குச் சாதகமாக இருந்தார். அதற்குள் நாஜிகள் வந்துவிட்டார்கள். விளையாட்டில் பணம் புழங்குவது அவர்கள் கொள்கைக்கு ஒத்துவரவில்லை. தொழில்முறைத் திட்டம் குப்பைக்குப் போனது. காசில்லாமல் ஆட மனமில்லாதவர்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பினார்கள்: 1932 இறுதிப் போட்டியில் பயர்ன் மியூனிக்குக்காக பெனால்டி அடித்த ஆஸ்கர் ரோர், சுவிட்சர்லாந்து போய், அங்கிருந்து பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் அணியில் காசுக்கு ஆடினார். போர்க்காலத்தில் பிரான்சில் கைதாகி, ஜெர்மானியர் கையில் ஒப்படைக்கப்பட்டு, கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். உயிரோடு திரும்பியது அவர் அதிர்ஷ்டம்.

எல்லாவற்றையும் மையத்தில் குவித்த ஓர் ஆட்சி, கால்பந்தை மட்டும் வட்டார அளவிலேயே விட்டுவைத்தது முரணாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடு தழுவிய லீக் என்றால் பயணச் செலவு, முழுநேர ஆட்டக்காரர்கள், சம்பளம் எல்லாம் வரும். வட்டார லீக் என்றால் சனிக்கிழமை வேலை முடித்து, ஞாயிறு மேட்ச் ஆடிவிட்டு, திங்கள் வேலைக்குப் போகலாம். ஏழு சங்கங்களையும் கலைத்து, நாட்டை 16 'கௌ'க்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு கிளப் கொண்ட ஒரு லீக் வைத்தார்கள். 16 சாம்பியன்களும் நான்கு நான்கு பேராக நான்கு பிரிவில் ஆடி, பிரிவுக்கு ஒருவர் அரையிறுதிக்கு வந்தார்கள். அமைப்பு என்று பார்த்தால் முன்பு இருந்ததைவிட மேல். இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

சங்கடத்துக்குக் காரணம், அந்தப் பட்டியல்களில் யார் இல்லை என்பது. தொழிலாளர் விளையாட்டு இயக்கத்தின் கிளப்புகள் தடை செய்யப்பட்டன. கத்தோலிக்கத் திருச்சபையின் விளையாட்டுக் கிளப்புகள் சில வருடம் கழித்து அதே கதிக்கு ஆளாயின. யூதர்களை வெளியேற்ற அரசு உத்தரவு வரும்வரை கிளப்புகள் காத்திருக்கவும் இல்லை. 1933 ஏப்ரலிலேயே பயர்ன், நியூரம்பர்க், ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட் முதலான தெற்கு ஜெர்மனியின் பெரிய கிளப்புகள் ஒன்றுகூடி, யூதர்களை நீக்கும் காரியத்தில் புதிய அரசுக்கு ஒத்துழைப்போம் என்று தாங்களாகவே அறிக்கை விட்டன. பத்திரிகையில் அதைப் படித்தவர்களில் ஒருவர் யூலியுஸ் ஹிர்ஷ். ஜெர்மனிக்காக ஏழு மேட்ச் ஆடியவர், 1912இல் நெதர்லாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டவர், முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் இருந்தவர். தன்னை நீக்கும்வரை காத்திராமல், தன் கார்ல்ஸ்ரூஹ கிளப்புக்கு விலகல் கடிதம் எழுதினார். 1943 மார்ச்சில் அவரை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். திரும்பவில்லை.

பயர்னை 1932இல் சாம்பியன் ஆக்கிய தலைவர் கூர்ட் லண்டாவரும் யூதர். அவர் அறிக்கை வருவதற்கு முன்பே, மார்ச் 22 அன்று பதவி விலகியிருந்தார். 1938 நவம்பரில் யூதர்கள்மீது நடந்த வெறியாட்டத்தில் கைதாகி டாக்காவ் வதைமுகாமில் 33 நாள் இருந்தார். பிறகு சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். அங்கே நட்புப் போட்டி ஆடப்போன பயர்ன் ஆட்டக்காரர்கள் பார்வையாளர் பகுதியில் இருந்த அவரைக் கண்டு மரியாதை செய்ததாகச் சொல்வார்கள். அந்தக் கிளப்தான் அந்த அறிக்கையில் கையெழுத்திட்டதும். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது ஷால்கே. வெஸ்ட்ஃபாலியா கௌலிகாவின் பதினொரு சீசனையும் வென்றது அந்த ஒரே அணி. 189 மேட்ச், 162 வெற்றி, 21 டிரா, 6 தோல்வி. 924 கோல் போட்டு 145 வாங்கியிருக்கிறார்கள். இப்படி ஒரு லீக்கைப் பார்க்க யார் காசு கொடுத்து உள்ளே வந்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம். வந்தார்கள், அவர்கள் பந்தைக் கைமாற்றும் அழகுக்காக. ஓடி முட்டி மோதாமல், குறுகிய பாஸ்களால் பந்தைச் சுழற்றிக்கொண்டே போவது அவர்கள் பாணி. 'ஷால்கேயின் பம்பரம்' என்றே அதற்குப் பெயர். நடுவில் எர்ன்ஸ்ட் குட்ஸோரா, ஃபிரிட்ஸ் ஷெப்பான் என்ற மைத்துனர்கள். ஷெப்பான் மணந்தது குட்ஸோராவின் சகோதரியை. ஊர் அவர்களை ஒரே குடும்பமாகத்தான் பார்த்தது. இருவர் வீட்டாரும் கிழக்கு பிரஷ்யாவின் மசூரியாவிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள்.

1934 ஜூன் 24, பெர்லின். இறுதிப் போட்டியில் நியூரம்பர்க் 1-0 என முன்னிலை. முடிய இன்னும் சில நிமிடங்களே. ஷெப்பான் சமன் செய்கிறார். கடைசி நிமிடத்தில் குட்ஸோரா பந்தோடு புகுந்து அடித்துவிட்டு, அடித்த இடத்திலேயே மயங்கி விழுகிறார். குடலிறக்கத்தோடுதான் அன்று ஆடியிருக்கிறார். பந்து வலைக்குள் போனதை அவர் பார்க்கவில்லை. ஷால்கேயின் முதல் பட்டம் இப்படி வந்தது.

தொழிலாளர் அணி, எளிய மனிதர்கள், வெற்றி மேல் வெற்றி. ஆட்சிக்கு இதைவிட நல்ல விளம்பரம் எங்கே கிடைக்கும்? ஆட்டக்காரர்களும் அதற்கு இடம் கொடுத்தார்கள். 1938இல் ஷால்கர் மார்க்ட் சதுக்கத்தில் யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஒரு ஜவுளிக்கடை ஷெப்பான் கைக்கு வந்தது. கடைக்காரர்கள் பிற்பாடு ரீகாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். பல்லாண்டு கழித்து மைதானத்தின் அருகே ஒரு தெருவுக்கு ஷெப்பான் பெயரை வைக்கலாம் என்று கிளம்பியபோதுதான் ஊருக்கு இந்தக் கதை உறைத்தது.

1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டதும் பட்டியலில் 17ஆவது லீக் சேர்ந்தது. வியன்னாக்காரர்கள் 1924 முதலே சம்பளம் வாங்கி ஆடியவர்கள். பிரிட்டனை விட்டால் ஐரோப்பாவின் முதல் தொழில்முறை லீக் அவர்களுடையது. ஒரே உத்தரவில் அத்தனை பேரும் அமெச்சூர் ஆனார்கள். 1925இன் ஆஸ்திரிய சாம்பியனான ஹகோவா, யூதர்களின் கிளப். அதைக் கலைத்தார்கள். கலைத்ததோடு விடாமல், நடந்துகொண்டிருந்த சீசனில் அது ஆடிய மேட்ச்களின் முடிவுகளையும் பட்டியலிலிருந்து அடித்தார்கள். ஆடி முடித்த ஆட்டங்கள், விழுந்த கோல்கள், நேரில் பார்த்த ஜனம், எல்லாம் இருந்தும் ஏட்டில் அந்த அணி இல்லை. புள்ளிப் பட்டியலை இந்தக் கண்ணோடு படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது ஹகோவா விவகாரம்தான்.

மறு வருட இறுதிப் போட்டியில் வியன்னாவின் அட்மிராவை ஷால்கே 9-0 என்று துவைத்தது. கால்விட்ஸ்கி ஒருவரே ஐந்து கோல். வியன்னாவில் பகை கனன்றது. அது தீர்ந்தது 1941 ஜூன் 22 அன்று. தேதியைக் கவனியுங்கள். அன்று விடியற்காலைதான் ஜெர்மன் படைகள் சோவியத் எல்லையைத் தாண்டின. அன்று மதியம் பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் 90,000க்கும் மேற்பட்டோர், ஷால்கேவும் ரேபிட் வியன்னாவும் ஆடுவதைப் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். ஷால்கே 3-0. ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் ரேபிட் ஒன்று போட்டது. பிறகு ஃபிரான்ஸ் பிண்டர் ஃப்ரீகிக்கிலும் பெனால்டியிலுமாக மூன்று. ஏறக்குறைய பத்து நிமிடத்தில் 4-3. அந்தப் பட்டம் இன்றும் ரேபிட் கணக்கில் இருக்கிறது: ஜெர்மன் சாம்பியன் ஆன ஒரே ஆஸ்திரிய கிளப். ஜெயித்ததற்குத் தண்டனையாக ரேபிட் ஆட்டக்காரர்களைப் போர்முனைக்கு அனுப்பினார்கள் என்று வியன்னாவில் ஒரு கதை உண்டு. போர்முனைக்குப் போகாத அணி அன்று எது? ஷால்கேவின் அடோல்ஃப் ஊர்பனும் 1943இல் ரஷ்யாவில்தான் செத்தார்.

படை போன இடமெல்லாம் லீக்கும் போனது. சுடேட்டன்லாந்து, டான்சிக், வார்தெலாந்து, அல்சாஸ் என்று ஒவ்வொரு பெயராகச் சேர்ந்துகொண்டே வந்தது. கிளப் பெயர்கள் மாற்றி எழுதப்பட்டன. லக்சம்பர்க்கின் ஸ்டாட் டூடலாஞ்ஜ், 'எஃப்.வி. ஷ்டாட் டூடலிங்கன்' ஆனது. 1942இல் ஜெர்மன் சாம்பியன்ஷிப் சுற்றுக்கு வந்து ஷால்கேயிடம் 2-0 எனத் தோற்றது. அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில் லக்சம்பர்க் இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை அறிவித்தார்கள். நாடே வேலைநிறுத்தம் செய்தது. 21 பேர் கொல்லப்பட்டார்கள். வெறும் பட்டியலைப் பார்த்தால் அது மோசல்லாண்ட் கௌலிகாவின் இன்னொரு சீசன், அவ்வளவுதான்.

போலந்தில் இது இன்னும் மோசம். ஆக்கிரமிப்பின் கீழ் போலந்துக்காரர்களின் கிளப்புகள் கலைக்கப்பட்டன. அவர்கள் அமைப்பாகச் சேர்ந்து ஆடவே தடை. கிராகோவில் கௌலிகா நடந்தது, ஜெர்மானியருக்கு மட்டும். விமானப்படை அணியான 'எல்.எஸ்.வி. மெல்டர்ஸ் கிராகாவ்' போன்றவை அதில் ஆடின. அதே ஊரில் விஸ்லா, கிராகோவியா என்ற போலந்துக் கிளப்புகளின் ஆட்டக்காரர்கள் புறநகர்த் திடல்களில் மறைவாகத் தங்களுக்குள் ஒரு சாம்பியன்ஷிப் நடத்தினார்கள். பிடிபட்டால் முகாம். ஒரே நகரம், ஒரே வருடங்கள், இரண்டு லீக்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. தெரேசியன்ஷ்டாட் கெட்டோவில் அடைக்கப்பட்ட யூதர்கள் அங்கே ஒரு லீக் நடத்தினார்கள். மைதானம் கிடையாது, ஒரு படைக்குடியிருப்பின் முற்றம்தான் திடல். இடம் பற்றாததால் பக்கத்துக்கு ஏழு பேர். சமையல்காரர்கள் ஓர் அணி, துணிக்கிடங்கில் வேலை பார்த்தவர்கள் ஓர் அணி, இப்படி வேலையை வைத்து அணிகள். சுற்றியுள்ள மாடித் தாழ்வாரங்களில் நெருக்கியடித்து நின்று பார்த்தார்கள். 1944இல் எடுக்கப்பட்ட பிரச்சாரப் படத்தில் அந்த ஆட்டக் காட்சி இருக்கிறது. படம் எடுத்து முடித்த சில வாரங்களில், அதில் தெரியும் பலர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த முற்றம் இருந்த கட்டடத்தின் பெயர் டிரெஸ்டன் குடியிருப்பு. அந்த வருட ஜெர்மன் சாம்பியனும் டிரெஸ்டன்தான். தற்செயல் என்று தெரிந்தும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

எண்ணிக்கை கூடியதன் மறுபாதிக்கு வருகிறேன். 1942க்குப் பிறகு புதிதாகப் பிடித்த நாடு எதுவும் லீக்காக மாறவில்லை. ஆனாலும் 25 ஆக இருந்தது 29 ஆகி, பிறகு 31 ஆனது. காரணம் ரயில். பெட்டிகள் துருப்புகளுக்கும் தளவாடங்களுக்கும் போய்விட்டன. நூறு மைல் தாண்டி மேட்ச் ஆட அணியை அனுப்ப வழியில்லை. எனவே பெரிய லீக்குகளைப் பிளந்தார்கள். பவேரியா வடக்கு, தெற்கு என இரண்டானது. சாம்பியன்ஷிப் சுற்றும் அதே 1942 முதல் ஒரே மேட்ச், தோற்றால் வெளியே என்று சுருங்கியது.

ஆட்களும் இல்லை. படையில் சேர்ந்தவன் எந்த ஊரில் முகாமிட்டிருக்கிறானோ அந்த ஊர் கிளப்புக்கு விருந்தாளியாக ஆடலாம் என்று விதி வந்தது. அதனால் போன வாரம் நான்காம் தரத்தில் இருந்த அணியில் இந்த வாரம் ஒரு தேசிய ஆட்டக்காரர் நிற்பார். அடுத்த வாரம் அவர் படைப்பிரிவு கிளம்பினால் அணி மறுபடி படுத்துவிடும். ஆள் பற்றாத கிளப்புகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து போர்க்காலக் கூட்டணி அமைத்துக்கொண்டன. ஜன்மப் பகையாளிகள்கூட ஒரே சட்டையில். இன்னொரு பக்கம், அதிகாரி நினைத்தால் நல்ல ஆட்டக்காரனைத் தன் பிரிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஹாம்பர்க் விமானப்படை அணி அப்படித்தான் 1942இல் முளைத்தது. இரண்டே வருடத்தில் இறுதிப் போட்டி.

1944 ஜூன் 18. நேச நாடுகள் நார்மண்டியில் இறங்கி பன்னிரண்டு நாள். பெர்லினில் டிரெஸ்ட்னர் எஸ்.சி. அந்த விமானப்படை அணியை 4-0 என வென்றது. வென்ற அணியில் ஹெல்முட் ஷோன் இருந்தார்; 1974இல் மேற்கு ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வென்றுகொடுத்த அதே பயிற்சியாளர். எட்டு மாதம் கழித்து, 1945 பிப்ரவரியில், குண்டுவீச்சில் சாம்பியன் அணியின் ஊரே எரிந்தது.

1944-45 சீசனும் தொடங்கத்தான் செய்தது. கிழக்கே லீக்குகள் ஒவ்வொன்றாக நின்றன: கோனிக்ஸ்பெர்க், ஷ்டெட்டின், பிரெஸ்லாவ். அந்த ஊர்களே பிறகு ஜெர்மனியில் இல்லை. 1936இல் அரையிறுதி வரை வந்த கிளைவிட்ஸ் கிளப்பின் ஊர் இன்று போலந்தின் கிளிவித்சே. தெற்கில் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஏட்டில் பதிவான கடைசி கௌலிகா ஆட்டம் 1945 ஏப்ரல் 23 அன்று மியூனிக்கில்: பயர்ன் 3, 1860 மியூனிக் 2. ஏழு நாள் கழித்து அமெரிக்கப் படை ஊருக்குள் நுழைந்தது. அந்த ஒரு வாரத்தில் யார் கிழிசல் வலையைக் கட்டினார்கள், யார் கோடு போட்டார்கள், யாருக்கு ஆட மனம் வந்தது? என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

நவம்பரிலேயே தெற்கில் ஓபர்லிகா தொடங்கிவிட்டது. பெயர் மாறியது, எல்லைகள் மாறின, வட்டார முறை மட்டும் அப்படியே நின்றது. 1932இல் பேசிய ஒரே தேசிய லீக், புண்டஸ்லிகா என்ற பெயரில் 1963 ஆகஸ்டில்தான் வந்து சேர்ந்தது. 46 கிளப்புகள் விண்ணப்பித்தன, 16 தேர்வாயின. ஷால்கே உள்ளே. டிரெஸ்டன் அப்போது வேறு நாடு. அந்த சாம்பியன் அணியையே சோவியத் ஆக்கிரமிப்பில் கலைத்திருந்தார்கள். ஒரு நகரத்துக்கு ஓர் அணி போதும் என்று மியூனிக்கிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்தார்கள். எடுத்தது 1860ஐ. பயர்ன் இன்னும் இரண்டு வருடம் வெளியே நின்றது.